மேல் திசையும் முன் திசையும்
வேதமொழிகளைக் கற்பித்தலில் அறிதல்சார் மொழியியல்: ஒரு திறனாய்வு

நம் இறையியல் கல்லூரிகளில் கிரேக்கமோ எபிரேயமோ பயிலும் மாணவருள் பெரும்பாலோர், தேர்வு முடிந்த மறுநாளே அம்மொழிக்கு விடை கொடுத்துவிடுகின்றனர். இது ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. வெளிப்படையாகப் பேசத்தான் தயங்குகிறோம். குருப்பட்டம் பெற்றுச் சபைப் பொறுப்பேற்றபின் வென்ஹாமின் கிரேக்கப் பாடநூல் குருமனை அலமாரியில் நிலைபெற்றுவிடுகிறது. 'கிரேக்க மூலத்தில் இச்சொல்லின் பொருள் யாதெனில்' என்னும் தொடர் மட்டும் அருளுரையில் எஞ்சி நிற்கிறது. மாணவரின் சோம்பலையும் பாடத்திட்டத்தின் சுமையையும் இதற்குக் காரணமாகக் கூறுவது வழக்கம். அவை முற்றிலும் பொய்யல்ல. எனினும் நாம் கற்பிக்கும் முறையே இம்மொழிகள் மாணவர் சிந்தையில் வேர்கொள்ளாதபடி தடுக்கிறதோ என்று ஆராயாமல் இருப்பதற்கில்லை.

இவ்வாராய்ச்சிக்குத் துணையாக அண்மைக் காலத்தில் நம் கைக்கு வந்திருப்பது காக்னிட்டிவ் லிங்குவிஸ்டிக்ஸ் எனப்படும் அறிதல்சார் மொழியியல். எலினோர் ரோஷ் 1970களில் பொருள் வகைப்பாடு பற்றி நிகழ்த்திய ஆய்வுகளும், ஜார்ஜ் லேக்கஃப், மார்க் ஜான்சன் இருவரும் 1980இல் உருவகத்தைப் பற்றி வெளியிட்ட நூலும், ரொனால்ட் லாங்கக்கர் 1987இல் வெளியிட்ட இலக்கணப் பெருநூலும் இத்துறைக்கு அடித்தளமிட்டன. இலக்கணம் என்பது பொருளற்ற விதிகளின் தொகுதியன்று. உடம்பாலும் சூழலாலும் பெற்ற பட்டறிவை மனிதன் மனத்தில் உருவகித்துக்கொள்ளும் முறையே இலக்கணமாகவும் சொல்லாகவும் வெளிப்படுகிறது என்பது இவர்தம் அடிப்படைக் கொள்கை. இதனை மொழிக்கல்விக்கு எடுத்துச் சென்றோருள் ஜெனட் லிட்டில்மோர் குறிப்பிடத்தக்கவர். 2009இல் வெளிவந்த அவரது நூல், ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு மொழியினர் வெவ்வேறு கோணத்தில் நின்று காண்பதையும், பொருள் வகைகள், உருவகம், ஆகுபெயர், உடலசைவு ஆகியவற்றையும் இரண்டாம் மொழி கற்போர் நோக்கில் ஆராய்கிறது. இந்நூல் வேதமொழிகளுக்காக எழுதப்பட்டதன்று. ஆயினும் இதன் கொள்கைகளைக் கிரேக்க, எபிரேய வகுப்புகளிலும் புகுத்த வேண்டும் என்ற குரல் மேனாடுகளில் எழுந்துள்ளது. நம்மிடையேயும் எழத் தொடங்கியுள்ளது. அக்குரலை எந்த அளவுக்கு ஏற்கலாம், எங்கே நிறுத்தலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொள்கையை விளக்குவதற்கு மேனாட்டு எடுத்துக்காட்டுகளைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. ராஜபாளையத்திற்கு மேற்கே, மலையடிவாரத்தில் நீர் காத்த அய்யனார் கோவில் இருப்பதை அப்பகுதியில் ஊழியம் செய்வோர் அறிவர். அங்கு நிற்பவனுக்கு மேற்கு என்பது மேலே உயர்ந்து நிற்கும் மலை. கிழக்கு என்பது ஆற்று நீர் இறங்கிச் செல்லும் தாழ்ந்த நிலம். 'மேல்' என்பதிலிருந்து மேற்கும், 'கீழ்' என்பதிலிருந்து கிழக்கும் பிறந்தன என்பது மாணவர் படித்து மனனம் செய்ய வேண்டிய சொற்பிறப்புச் செய்தியன்று. கண்முன் நிற்கும் காட்சி. தமிழரின் திசைப்பெயர்கள் தமிழகத்தின் நிலச் சரிவிலிருந்தே எழுந்தன என்பதைக் கால்டுவெல் ஐயர் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டியுள்ளார். அறிதல்சார் மொழியியலார் நூறாண்டுகளுக்குப் பின்னர் கூறியதை இடையன்குடி ஆயர் தம் கண்ணாலேயே கண்டுவிட்டார் எனலாம்.

இதனோடு நேரடித் தொடர்புடைய ஆய்வொன்று தமிழ்நாட்டிலேயே நடைபெற்றது என்பது நம் மாணவர் பலருக்குத் தெரியாது. எரிக் பீடர்சன் என்னும் அறிஞர் தமிழ் பேசுவோரிடையே நிகழ்த்திய ஆய்வை 1995இல் வெளியிட்டார். நகர்ப்புறத் தமிழர் மேசைமீதுள்ள பொருளின் இருப்பிடத்தை 'வலப்பக்கம்', 'இடப்பக்கம்' என்று கூறுகின்றனர். கிராமப்புறத் தமிழரோ அவ்வளவு சிறிய இடத்திலும் 'வடக்கே', 'தெற்கே' என்று திசையால் கூறுகின்றனர். 'கொஞ்சம் மேற்கே தள்ளி உட்கார்' என்று பாயில் அமர்ந்திருப்போரிடம் சொல்லுவதை நம் கிராமச் சபைகளில் கேளாதவர் யார்? பீடர்சனும் அவருடன் பணியாற்றியோரும் இன்னும் ஒரு படி சென்றனர். சில பொருள்களை மேசைமீது வரிசையாக வைத்துக் காட்டி, பார்த்தவரை எதிர்ப்புறமாகத் திரும்பச் செய்து, அதே வரிசையை வேறொரு மேசையில் மறுபடியும் அடுக்கச் சொன்னார்கள். வலம் இடம் என்று பேசுவோர் தம் உடம்பை அளவுகோலாகக் கொண்டும், திசைப்பெயரால் பேசுவோர் திசையை அளவுகோலாகக் கொண்டும் அடுக்கும் போக்கு காணப்பட்டது. பேசும் வழக்கம் நினைவு கொள்ளும் முறையையும் தொடுகிறது என்பது அவர்கள் முடிவு.

இம்முடிவை அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாது. பெக்கி லீ, லைலா கிளைட்மன் இருவரும் 2002இல் வெளியிட்ட மறுப்பில், ஒரே மொழி பேசுவோரும் கண்ணுக்குப் புலனாகும் அடையாளப் பொருள் அருகிலிருந்தால் ஒரு வகையாகவும், இல்லையேல் வேறு வகையாகவும் அடுக்குகின்றனர் என்று காட்டினர். இதற்கு லெவின்சன் குழுவினர் மறுமொழியும் எழுதினர். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அய்யனார் கோவிலில் நிற்பவன் திசையால் சிந்திப்பது அவன் தமிழ் பேசுவதாலா, அன்றி எதிரே மலை நிற்பதாலா? இக்கேள்விக்கு எளிதில் விடை கூறிவிட முடியாது என்பதை மனத்தில் இருத்துவது நலம். ஏனெனில், இங்கு கண்ணை மூடிக்கொண்டு செல்வோரே நாம் அடுத்துக் காணப்போகும் குழியில் விழுகின்றனர்.

எபிரேயத்தில் 'கெதெம்' என்னும் சொல் முன்பக்கத்தையும் கிழக்குத் திசையையும் பழங்காலத்தையும் குறிக்கும். கதிரவன் உதிக்கும் திசையை நோக்கி நிற்பவனுக்குக் கிழக்கு முன்னதாகவும், தெற்கு வலக்கையாகவும் அமைகிறது. மேற்கு, கடல் என்னும் பொருள்தரும் 'யாம்' எனப்படுகிறது. தமிழன் நிலச் சரிவைக் கொண்டு திசை வகுத்தான். எபிரேயன் தன் முகத்தையும் கடலையும் கொண்டு வகுத்தான். இவ்விரண்டையும் கரும்பலகையில் அருகருகே வரைந்து காட்டினால், ஆதியாகமம் 2:8இல் வரும் 'மிக்கெதெம்' என்பதைக் 'கிழக்கே' என்று கொள்வதா, எரோனிமு தம் இலத்தீன் மொழிபெயர்ப்பில் கொண்டதுபோல 'ஆதியிலே' என்று கொள்வதா என்ற சிக்கல் மாணவனுக்குச் சில நிமிடங்களில் விளங்கும். அகராதியில் மூன்று பொருள்களை வரிசையாக எழுதி மனனம் செய்யச் சொல்லுவதைவிட இது எவ்வளவோ மேல். காலத்தைப் பற்றியும் அவ்வாறே. 'முன்னோர்', 'முந்திய நாள்', 'பின்வரும் சந்ததி' என்று கூறும் தமிழ் மாணவனுக்கு, கடந்தது முன்னும் வருவது பின்னுமாக அமையும் எபிரேய வழக்கு அந்நியமன்று. ஆங்கில நூல்கள் இதனைப் பெரும் புதிராக விளக்க முற்படுவதைக் கண்டு நம் மாணவர் வியப்பது வேடிக்கை.

குழி இங்கேதான் உள்ளது. எபிரேயன் படகோட்டியைப்போல் முதுகைக் காட்டிக்கொண்டே எதிர்காலத்திற்குள் செல்கிறான் என்று வோல்ஃப் 1973இல் வெளியான பழைய ஏற்பாட்டு மானிடவியல் நூலில் எழுதினார். அழகிய உவமை. ஆனால் இதிலிருந்து 'எபிரேய மனம்' என்று ஒன்று உண்டு, அது கிரேக்க மனத்திற்கு முற்றிலும் மாறானது என்று முடிவு கட்டுவோர் பலர். தோர்லைஃப் போமன் 1952இல் அத்தகைய கோட்பாடு ஒன்றை எழுப்பினார். ஜேம்ஸ் பார் 1961இல் வேதமொழியின் பொருண்மை பற்றி எழுதிய நூலில் அதன் அடித்தளத்தையே தகர்த்தார். மொழியின் இலக்கண அமைப்பிலிருந்து ஓர் இனத்தின் சமயச் சிந்தனையை நேரே பிழிந்தெடுக்க முடியாது என்பது அவர் வாதம். தமிழையே காண்க. 'முன்னோர்' என்று கடந்ததை முன்னே வைக்கும் அதே தமிழன், வரப்போவதை 'எதிர்காலம்' என்று தன் முகத்திற்கு நேரே வைக்கிறான். ஒரே மனத்தில் இரண்டு உருவகங்களும் சண்டையின்றிக் குடியிருக்கின்றன. இதைக் கொண்டு 'தமிழ் மனம்' எது என்று எவரேனும் தீர்ப்புக் கூற முன்வருவாரோ? பார் வாயிற்படியில் நிறுத்திவைத்த போமனை, அறிதல்சார் மொழியியல் என்னும் புதுச்சட்டை அணிவித்துப் புழைக்கடை வழியாக உள்ளே அழைத்துவரும் அபாயம் இப்புதிய முறையில் உண்டு. லிட்டில்மோர் போன்றோர் இதில் எச்சரிக்கையுடனேயே எழுதுகின்றனர். அவர்களைப் படித்துப் பிரசங்க பீடம் ஏறுவோரைப் பற்றித்தான் நம் கவலை.

சொற்பொருளிலும் இதே கவலை எழுகிறது. ஒரு சொல்லின் பல பொருள்கள் தாறுமாறாகக் குவிந்தவையல்ல. நடுவில் ஒரு மையப்பொருள் இருக்க, அதிலிருந்து கிளைகள் பரவுகின்றன என்று லேக்கஃப் 1987இல் விளக்கினார். 'ஐயன்' என்பதை எடுத்துக்கொள்வோம். தந்தை, மூத்தோன், ஆசான், தலைவன் எனப் பொருள் விரியும். 'ஐயா' என்று தந்தையையும் அழைக்கிறோம்; அலுவலரையும் அழைக்கிறோம். 'ஐயர்' என்பது ஒரு குலத்தாரைக் குறிக்கும். திருநெல்வேலிச் சபைகளிலோ அது குருவானவரைக் குறிக்கும். ரேனியஸ் ஐயர், போப்பையர் என்று நம் முன்னோர் வழங்கினர். லூக்கா 5:5இல் சீமோன் இயேசுவை விளிக்கும் 'எபிஸ்தாத்தா' என்னும் கிரேக்கச் சொல் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'ஐயரே' என்றே வந்துள்ளது. ஊர் எல்லையிலும் நீர்நிலையருகிலும் மண்குதிரைகள் சூழ அமர்ந்திருப்பவர் 'அய்யனார்'. மரியாதைக்குரிய மூத்தோன் என்னும் மையத்திலிருந்து இத்தனை கிளைகளும் பிரிவதை ஒரு படமாக வரைந்தால், பன்பொருள் ஒருசொல் இயங்கும் விதத்தை மாணவர் நன்கு உணர்வர். 'கிருபை'க்கும் 'நீதி'க்கும் உரிய கிரேக்கச் சொற்களை அடுத்துக் கற்பிக்க இதைவிடச் சிறந்த முன்னுரை கிடைப்பது அரிது.

ஆனால் 'ஐயர் வந்துவிட்டார், மணி அடியுங்கள்' என்று கோயிற்பிள்ளை கூறும்போது எவர் மனத்திலாவது மண்குதிரை தோன்றுகிறதா? இல்லை. வழங்கும் இடமும் நேரமும் ஒரு கிளையை மட்டும் விளக்கிக் காட்டி, மற்றவற்றை இருளில் விட்டுவிடுகின்றன. நம் அருளுரைகளிலோ ஒரு கிரேக்கச் சொல் வந்துவிட்டால், அதன் கிளைகள் அனைத்தையும் வேரையும் சேர்த்து ஒரே வசனத்தின்மீது ஏற்றிவிடுகிறோம். 'எக்ளீசியா' என்றால் வெளியே அழைக்கப்பட்டவர்கள் என்பது பல ஆண்டுகளாக ஒலிக்கும் பிரசங்கம். அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தில் எபேசு நகர அரங்கில் கூச்சலிட்ட கூட்டத்திற்கும் அதே சொல்தான் வழங்கப்பட்டுள்ளது என்பது அப்பிரசங்கத்தில் வருவதில்லை. ஒரு சொல்லின் பொருள் அனைத்தையும் ஒவ்வோர் இடத்திலும் திணிக்கும் இத்தவற்றையும் பார் அன்றே கண்டித்தார். பொருட்கிளைப் படத்தை வகுப்பில் வரையும் ஆசிரியர், உடனே ஒரு வசனத்தைக் காட்டி, 'இங்கு எக்கிளைகள் உறங்குகின்றன?' என்றும் கேட்டாக வேண்டும். அக்கேள்வி இல்லாத படம், இல்லாதிருப்பதே நன்று.

இனி இலக்கணம். இங்குதான் இப்புதிய துறை நமக்குச் செய்யக்கூடிய பேருதவி இருக்கிறது. அதை நாம் இன்னும் பெற்றுக்கொள்ளவில்லை. மெக்கன் 1923இலும் வென்ஹாம் 1965இலும் வெளியிட்ட கிரேக்கப் பாடநூல்கள் ஆங்கிலம் பேசும் மாணவருக்கென்றே எழுதப்பட்டவை, அதில் தவறொன்றுமில்லை. நம் மாணவனோ கிரேக்கத்தைக் கற்குமுன் ஆங்கிலேயனுக்கு அதில் என்ன இடர் என்பதைக் கற்கிறான்! லூக்கா 1:7இல் சகரியாவுக்கும் எலிசபெத்துக்கும் பிள்ளை இல்லை என்ற செய்தியைக் கிரேக்கம் நான்காம் வேற்றுமையால் கூறுகிறது: 'அவர்களுக்குப் பிள்ளை இல்லை'. ஆதியாகமம் 11:30இல் சாராயைப் பற்றி எபிரேயமும் அவ்வாறே 'அவளுக்குப் பிள்ளை இல்லை' என்கிறது. உடைமையை ஒரு வினைச்சொல்லால் கூறும் ஆங்கிலேயனுக்கு இது விளக்கம் வேண்டிய தனி விதி. தமிழனுக்கு விதியே தேவையில்லை. அவன் தாயிடம் கற்றதே போதும். 'அவர் போதகர்' என்று வினையின்றி வாக்கியம் அமைக்கும் மாணவனுக்கு எபிரேயப் பெயர்ப் பயனிலை வாக்கியத்தில் 'விடுபட்ட வினை'யைத் தேடச் சொல்லுவது வீண் உழைப்பு. விடுபட்டது எதுவுமில்லை.

கிரேக்கத்தின் நடுவினை இன்னும் சிறந்த எடுத்துக்காட்டு. செயலின் பயன் செய்வோனையே சென்றடையும் இவ்வடிவத்தைச் சூசன் கெம்மர் 1993இலும், ரூட்கர் ஆலன் 2003இலும் அறிதல்சார் நோக்கில் ஆராய்ந்தனர். அதனால், வடிவில் நடுவினையும் பொருளில் செய்வினையும் என்று பழைய நூல்கள் ஒதுக்கிவைத்த வினைகள் பலவும் உண்மையில் நடுவினைப் பொருளே உடையவை என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது. தமிழில் 'கொள்' என்னும் துணைவினை இதற்கு மிக நெருங்கியது: உடுத்தினான், உடுத்திக்கொண்டான், கழுவினான், கழுவிக்கொண்டான். ஆனால் இதை வாய்பாடாக்கிவிடக் கூடாது. 'வந்துகொண்டு' என்றால் தமிழில் தொடர்நிகழ்ச்சியன்றோ பொருள்? வருதலைக் குறிக்கும் கிரேக்க 'எர்கோமாய்' நடுவினை வடிவினதே. அதற்குக் 'கொள்' பொருந்தாது. மேலும், கிரேக்கத்தின் சுட்டிடைச்சொல்லுக்கு நேரான ஒன்று தமிழில் இல்லை. அங்கு ஆங்கிலமே நமக்குத் துணை. தாய்மொழி எல்லாப் பூட்டுக்கும் திறவுகோல் என்று எவரும் மயங்க வேண்டாம்.

முன்னிடைச் சொற்களைப் படத்தால் கற்பிப்பது இப்போது பெரிதும் போற்றப்படுகிறது. ஆங்கில முன்னிடைச் சொற்களுக்கு டைலரும் எவன்ஸும் 2003இல் நுட்பமான விளக்கம் தந்தனர். வட்டமும் புள்ளியும் அம்பும் வரைந்து கிரேக்க முன்னிடைச் சொற்களைக் காட்டும் வழக்கமும் பழையதே. வட்டத்துக்குள் புள்ளி: அதுவே 'என்'. படகிற்குள், வீட்டிற்குள் என்னும்போது இது பொருந்தும். பவுலின் 'என் கிறிஸ்தோ'வுக்கு இப்படத்தை வரைந்துவிட்டு விளக்கம் முடிந்தது என்று கருதினால் என்னாகும்? பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் 'கிறிஸ்துவுக்குள்' என்பது கொள்கலன் உருவகத்தை நம் பக்தியில் ஆழமாகப் பதித்துவிட்டது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 2 கொரிந்தியர் 5:17இல் இணைந்திருத்தல் என்னும் உருவகத்தைத் தேர்ந்தது. ஒன்று இடம், மற்றது உறவு. எது சரி என்று படம் நமக்குச் சொல்லாது. எபிரேய 'பெ'யின் சாயலில் கருவிப் பொருளிலும் வரும் இச்சிறு சொல்லைப் பவுலின் வசனங்களை ஒவ்வொன்றாக வாசித்தே அறிய வேண்டும்.

எச்சங்களைப் பற்றி ஒரு செய்தி கூறாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. மத்தேயு 28:19இல் 'போங்கள்' என்பது கிரேக்கத்தில் கட்டளையன்று, எச்சமே. ஆகவே 'நீங்கள் போகிற வழியில்' என்றே பொருள் கொள்ள வேண்டும் என்னும் பிரசங்கம் ஆங்கில நூல்களிலிருந்து நம் மேடைகளுக்கு இறக்குமதியாகிறது. 'கடைக்குப் போய்ச் சர்க்கரை வாங்கி வா' என்று தாய் சொன்னால், போவது தன் விருப்பம் என்று எந்தத் தமிழ்க் குழந்தையாவது கருதுமா? முற்றுவினையின் கட்டளை எச்சத்தின்மீதும் படரும் என்பது நமக்குப் பாலோடு வந்த இலக்கணம். இவ்வசனத்தின் கிரேக்க எச்சமும் அவ்வாறே இயங்குகிறது. தமிழ் வாசகர் ஆராய வேண்டிய சிக்கல் வேறொன்று. அதை ஆங்கில நூல் எதுவும் எழுப்பப்போவதில்லை. கிரேக்கத்தில் கட்டளை வடிவில் நிற்கும் ஒரே வினை 'சீடராக்குங்கள்' என்பது. போதலும், திருமுழுக்கு அளித்தலும், உபதேசித்தலும் அதனைச் சார்ந்தவை. தமிழிலோ முற்றுவினை இறுதியில்தான் வரும். பழைய மொழிபெயர்ப்பில் சீடராக்குதல் எச்சமாகிவிட, கட்டளையின் முழு எடையும் 20ஆம் வசனத்தின் உபதேசத்தின்மேல் விழுகிறது. திருவிவிலியம் மூன்றையும் தனித்தனிக் கட்டளைகளாக்கிற்று. முதலாவதில் ஞாயிறு பள்ளியும் வேதபாடமும் மிஷன் பணியின் முடிவிடமாகத் தோன்றுகின்றன; இரண்டாவதில் மூன்று பணிகள் தோளோடு தோள் நிற்கின்றன. மூலத்தின் எடை விழும் இடம் இரண்டிலும் இல்லை. கிரேக்கம் கற்ற தமிழ் ஆயர் சபைக்கு எடுத்துரைக்க வேண்டியது இதுவே.

நம் வகுப்புகளில் இத்தகைய கேள்விகள் ஏன் எழுவதில்லை? 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் ஐயர் பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். பத்தாண்டுகளுக்குப்பின் அவர் ஹாலேயில் வெளியிட்ட தமிழ் இலக்கணமோ இலத்தீன் சட்டகத்திற்குள் அமைந்தது. அவருடைய வாசகருக்குத் தெரிந்த சட்டகம் அது. தாம் கற்றது ஒரு வழி, கற்பித்தது மற்றொரு வழி. அவருக்கேனும் அதற்குத் தக்க காரணம் இருந்தது. தமிழருக்குத் தமிழர் கிரேக்கம் கற்பிக்கும்போது ஆங்கிலச் சட்டகத்தைச் சுமப்பதற்கு, அச்சிட்ட நூல் கைவசம் உள்ளது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

மாற்கு 4:38இலும் லூக்கா 8:24இலும் புயலில் அகப்பட்ட சீடர் கூறும் சொல் கிரேக்கத்தில் ஒன்றே: 'அப்பொல்லுமெதா'. தேர்வில் இதற்கு இலக்கணம் கேட்டால், தன்மைப் பன்மை, நிகழ்காலம், நடுவினை என்று எழுதி முழு மதிப்பெண் பெறலாம். ஆங்கிலத்தில் அதற்குமேல் கேட்க எதுவுமில்லை. தமிழில் உண்டு. பழைய மொழிபெயர்ப்பு மாற்கில் 'நாங்கள்' என்று வெளிப்படையாகவே கூறுகிறது: அழிவது சீடர், இயேசு அவ்வழிவில் சேரவில்லை. லூக்காவிலோ 'மடிந்துபோகிறோம்' என்ற வினைமுற்று மட்டும் நிற்கிறது. 'நாம்' என்றும் கொள்ளலாம், 'நாங்கள்' என்றும் கொள்ளலாம். படகில் உறங்கிக்கொண்டிருந்தவரும் தங்களோடு மூழ்குவார் என்று அஞ்சினார்களா, தங்களை மட்டும் கைவிட்டார் என்று நொந்தார்களா? ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசி வளரும் மாணவன், தெலுங்கின் 'மேமு', 'மனமு' இரண்டையும் அறிந்தவனாகையால், இவ்வேறுபாட்டை எவரும் கற்பிக்காமலே உணர்வான். அவனிடம் இதுவரை யாரும் இக்கேள்வியைக் கேட்டதில்லை. வருகின்ற பருவத்தின் வினாத்தாளில் 'அப்பொல்லுமெதா'வின் இலக்கணத்தோடு, இரு வசனங்களையும் தமிழில் பெயர்த்து, 'நாம்', 'நாங்கள்' இரண்டில் எதைத் தேர்ந்தாய், மாற்கின் அதிகாரம் முழுவதையும் வாசித்துக் காரணம் கூறுக என்று ஒரு வினாவைச் சேர்க்கலாம். விடைத்தாள் திருத்துவோருக்குச் சற்று நேரம் கூடுதலாகும்.